பத்தாவது கோடு

ஒரு மனிதர் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் அத்தனை பேரின் ஈரத்துணிக்கும் அவர்தான் ஜவாப்தாரி. இரண்டாம் மாடி வானிலைக்காரர் பதினோரு வருடமாக இந்தப் பொறுப்பைச் சுமந்துவந்தார். படியிறங்கினால் கீழ்வீட்டு அம்மா வாளியும் கையுமாக வழிமறிப்பார்.

"சார், இன்னிக்கு போர்வையெல்லாம் நனைக்கலாமா?"

அவர் நின்று, வானத்தைப் பார்த்து, மோவாயைத் தடவி, "மழைக்கு வாய்ப்பு பத்துக்கு நாலு" என்பார்.

"நனைக்கலாமா கூடாதா, அதச் சொல்லுங்க."

அதுதான் அவருக்கு வராது. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு முடிவாகச் சொல்லிப் பழகாத மனிதர். பெண் பார்க்கப் போனபோது, பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு அரைமணி நேரம் யோசித்துவிட்டு, "பத்துக்கு எட்டு" என்றாராம். மீதி இரண்டு என்ன ஆயிற்று என்று அவர் மனைவி இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவர் சம்பளம் வாங்குவது என்னவோ துணிக்காக அல்ல. விமான நிலையத்தின் ஓரத்தில், தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை. அங்கே உட்கார்ந்து, ஓடுபாதையின் மேல் அடுத்த ஒரு நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம், கண் எவ்வளவு தூரம் எட்டும் என்று எழுதிக்கொடுப்பதுதான் வேலை. முதலில் பணித்தாளில் பென்சிலால் எழுத வேண்டும். பிறகு அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்ப வேண்டும். மொத்தமே நாலு வரி. ஆனால் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் எங்கோ ஒரு ஊரில் ஒரு விமானி எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்று முடிவு செய்வார். 'மூடுபனி வரலாம்' என்று இருந்தால் கூடுதலாக ஏற்றிக்கொள்வார். வந்த இடத்தில் தரை தெரியாவிட்டால் சுற்றிக்கொண்டிருக்கத் தாங்கும். இல்லாவிட்டால் அளவாக ஏற்றுவார். கூடுதல் எரிபொருள் கூடுதல் கனம். விமானக் கம்பெனிக்காரர்கள் அதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள்.

அந்த நாலு வரியை இன்னொருவனும் படிப்பான். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு விமானங்களை இறக்கி ஏற்றுகிறவன். வானிலைக்காரருக்கு மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. "வேலையிலயும் தலைக்கு மேல, வீட்லயும் தலைக்கு மேல. இவன்கிட்டேருந்து எனக்கு விடுதலையே கிடையாது" என்று வானிலைக்காரர் சொல்லுவார். சொல்லிவிட்டுச் சாயங்காலமானால் தானே மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் அவனோடு கேரம் ஆடுவார்.

வினை கோபுரத்தில் மாட்டியிருந்த ஒரு வெள்ளைப் பலகையில் ஆரம்பித்தது. தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. 'மாமாவின் பனி' என்று மேலே தலைப்புப் போட்டவன் மச்சினன்தான். வானிலைக்காரர் மூடுபனி வரலாம் என்று எழுதி அது வராமல் போனால் ஒரு கோடு. பத்துக் கோடு சேர்ந்தால் காகிதக் குல்லா. பழைய வரைபடத் தாளை மடித்துச் செய்து, 'பனி மகாராஜா' என்று பட்டை எழுத்தில் எழுதி, அலமாரி மேல் தயாராக வைத்திருந்தார்கள். அதை அணிந்துகொண்டு அவர் ஒருநாள் முழுக்க உணவுக்கூடத்தில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. அதை ஒரு தரம் அவரிடமே காட்டினார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையின் அளவைக் கூடச் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அது மச்சினனுக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை பலகையில் ஒன்பது கோடு இருந்தது.

காலையில் மழை பெய்து மதியம் விட்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காற்று ஓய்ந்துவிட்டது. தரை இன்னும் ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் விடியற்காலை என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பணித்தாளில் பென்சிலால் எழுதினார்: 'அதிகாலை மூடுபனி. வாய்ப்பு பத்துக்கு மூன்று.'

தொலைபேசி மணியடித்தது.

"மாமா, என்ன, இன்னிக்கு பத்தாவது கோடா? குல்லாவுக்கு இறகு ஒட்டிக்கிட்டிருக்கோம். பசை காயறதுக்குள்ள சொல்லிடுங்க."

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"போடா, உனக்கு வேற வேலையில்ல" என்று இவரும் சிரித்தார்.

"இல்ல மாமா, சீரியஸா கேக்கறேன். காலை டூட்டி எனக்குத்தான். பனி உண்டா இல்லையா?"

"பாத்துட்டு அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு ரப்பரை எடுத்தார். பத்துக்கு மூன்றுதானே, பத்துக்கு ஏழு வராதே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். அந்த வரியை அழித்து, துகளை ஊதித் தள்ளி, மேலேயே 'மெல்லிய பனிப்படலம். விடிந்ததும் விலகும்' என்று எழுதினார். நாலு நொடி வேலை. அடித்து அனுப்பிவிட்டு, இரவுப்பணிக்கு வந்த பெண்ணிடம் நாற்காலியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்குக் கேரமில் அவர்தான் ஜெயித்தார்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கைபேசி அலறியது. அந்தப் பெண்தான்.

"சார், பனி இறங்குது சார். உங்க ஷீட்ல ஒண்ணுமே இல்லையே?"

பால்கனிக் கதவைத் திறந்தார். எதிர்க் கட்டடத்தின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. பதினோரு வருடமாகத் தினம் பார்க்கிற தொட்டி. அது இல்லை. தொட்டி இருந்த கட்டடமும் இல்லை. பால்கனிக் கம்பியில் மனைவி காயப்போட்டிருந்த துண்டு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"உடனே திருத்தி அனுப்பும்மா! மூடுபனின்னு போடு, இப்பவே போடு!"

"அனுப்பிட்டேன் சார். ஆனா நாலு ஃப்ளைட் மேல வந்து நிக்குதாம். டவர்லேருந்து முன்னாடியே கேட்டாங்க. நான் உங்க ஷீட்ல இருந்ததப் படிச்சுட்டேன். விடிஞ்சதும் விலகிடும்னு."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். வேறு ஊருக்குப் போவதா, காத்திருப்பதா என்று முடிவெடுப்பது விமானிதான். ஆனால் கோபுரம் சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். மச்சினன் நாலு விமானிகளிடமும், "பத்து நிமிஷத்தில் விலகிவிடும்" என்றான். பத்து நிமிடம் கழித்து, இன்னும் பத்து நிமிடம் என்றான். பனி விலகாமல் இன்னும் கெட்டியாக உட்கார்ந்தது. மூன்று விமானங்கள் சுதாரித்துக்கொண்டு பக்கத்து நகரத்துக்குத் திரும்பின. நாலாவது விமானி கடைசியில் கிளம்பினார். பாதி வழியில் எரிபொருள் அபாயம் என்று அறிவித்தார். அங்கே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதை முதலில் இறக்கினார்கள். தரை தொட்டபோது தொட்டியில் இன்னும் சில நிமிடங்களுக்குத்தான் இருந்ததாம். நூற்று அறுபத்திரண்டு பேர். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அந்த நூற்று அறுபத்திரண்டில் ஒருவர் கீழ்வீட்டு அம்மாவின் மருமகன் என்பது வானிலைக்காரரின் ஜாதக விசேஷம். மறுநாள் முதல் வாளியோடு கதையும் வழிமறித்தது.

"எங்க மாப்பிள்ளை சொல்றாரு சார், விமானப் பணிப்பெண்ணே சீட்டைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம். இவரு உயில் எழுத பேனா தேடியிருக்காரு. பேனா கிடைக்கலையாம், அதனாலதான் பிழைச்சேங்கறாரு." சொல்லிச் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மூணாம் மாடித் தம்பியோட தப்பாமே? பாவம், நல்ல பிள்ளை" என்றார்.

வானிலைக்காரர், "விசாரணை நடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு வேகம்.

ஆமாம், மச்சினனைத்தான் பிடித்தார்கள். விலகாத பனியை விலகும் என்று இரண்டு தடவை ஏன் சொன்னான், விமானங்களை இருபது நிமிடம் ஏன் சுற்றவிட்டான் என்று கேள்வி. அடுத்த வாரம் வியாழக்கிழமை மூன்று பேர் கொண்ட குழுவின் விசாரணை. அதுவரை பணியிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். குழு கைவிரித்துவிட்டால் உரிமம் போகும். கண்ணாடிக் கூண்டிலிருந்து இறங்கி, ஏதாவது ஒரு கோப்பு அறையில் மிச்ச காலத்தைத் தள்ள வேண்டியதுதான்.

வானிலை அலுவலகத்தில் காற்று வேறு பக்கம் அடித்தது. தலைமை அதிகாரி நல்ல மனிதர். தன் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டார். பணித்தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இங்க என்னமோ அழிச்சாப்ல இருக்கே?"

"கூட்டல் தப்பு சார்" என்றார் வானிலைக்காரர்.

அந்த வரியில் கூட்டுவதற்கு எதுவும் கிடையாது. அதிகாரி மேற்கொண்டு கேட்கவில்லை. 'இந்த மூடுபனி முன்கூட்டி ஊகிக்க முடியாதது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நம்ம மேல ஒரு துரும்பு விழாது, கவலைய விடுங்க" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு புதன்கிழமை வரை முதுகில் இருந்தது.

அவர் கேரம் ஆடப் போவதை நிறுத்தினார். தலைவலி என்றார், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மனைவி மட்டும் இரண்டு வேளையும் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே போய்வந்தாள்.

"அவனே இடிஞ்சுபோய் உக்காந்திருக்கான். நீங்க ஒரு எட்டு போய்ப் பாக்கக் கூடாதா? ஒரே ஆபீஸ்காரங்க, நீங்களே முகம் குடுக்கலைன்னா அவன் என்ன நினைப்பான்?"

விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை போனார். கேரம் பலகை சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. மச்சினன் சவரம் செய்யாத முகத்தோடு சோபாவில் கிடந்தான். இவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்க மாமா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. உங்க மேல தப்பே இல்ல."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். நாளைக்கும் அதையேதான் சொல்லப்போறேன். அந்தப் பொண்ணு ஷீட்டைப் படிச்சதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எங்க மாமா கண்ணாடில யாராவது மூச்சு விட்டாக்கூட மூடுபனின்னு எழுதற ஆளு. அவரே எழுதலைன்னா அது பனியே இல்ல. தானா விலகிடும். அப்படி நினைச்சுத்தான் சுத்த விட்டேன்."

வானிலைக்காரர் வாயைத் திறந்தார். மச்சினனின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வாயை மூடிக்கொண்டார். தேநீரைச் சூட்டோடு மடமடவென்று குடித்தார், நாக்கு வெந்தது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கீழே இறங்காமல் நேராக அலுவலகத்துக்குப் போனார். அன்று அவருக்கு விடுமுறை. பழைய பணித்தாள் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் புரட்டினார். பத்துக்கு மூன்று என்று மூடுபனி எழுதிய நாட்கள் மொத்தம் பன்னிரண்டு. பனி வராத நாள் ஒன்பது. அவைதான் பலகையில் இருந்த ஒன்பது கோடு. வந்த நாள் மூன்று. வந்த நாட்களுக்குப் பலகையில் இடமே கிடையாது. யாரும் குறித்துவைக்கவில்லை, அவர் உட்பட. அழித்த வரியையும் சேர்த்தால் பதின்மூன்றுக்கு நான்கு. பத்துக்கு மூன்று என்று எழுதுகிறவனுக்கு அதைவிடச் சரியான கணக்கு அமையாது.

அத்தனை காலமும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. சிரிப்பைக் கேட்டுக் கேட்டு, தான் நிஜமாகவே தப்பானவன் என்று அவரே நம்பிவிட்டார். அதை நம்பித்தான் ரப்பரை எடுத்தார். கட்டுகளைத் திரும்ப அடுக்கும்போது ஒரு கட்டு அவிழ்ந்து தரையெல்லாம் தாள்.

வியாழக்கிழமை, நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மையார். ஓரத்தில் தட்டச்சு செய்கிற இளைஞர். மச்சினன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பரீட்சைக்கு வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். சொன்னபடியே சொன்னான்: "முன்னறிவிப்பு மேல எனக்கு எந்தப் புகாரும் இல்ல மேடம். முடிவு என்னோடது."

தலைவி வானிலைக்காரரிடம் திரும்பினார். "உங்க அதிகாரியோட அறிக்கை இருக்கு. ஊகிக்க முடியாதுன்னு எழுதியிருக்காரு. நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை மேடம்."

"சரி, போகலாம்."

எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். கதவு வரைக்கும் போய்க் கைப்பிடியைக்கூடத் தொட்டுவிட்டார். முதல் முறையாக வாழ்க்கையில் 'இல்லை' என்று ஒரு முடிவான பதில் சொல்லியிருந்தார், அதுவும் பொய். திரும்பினார்.

"மேடம், ஊகிக்க முடிஞ்சுது."

"என்னது?"

"எழுதினேன். எழுதிட்டு அழிச்சுட்டேன். அந்தத் தாள்ல ரெண்டாவது வரிக்கு அடியில பாருங்க, தடம் இருக்கும்."

தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். மூன்று மூக்குக்கண்ணாடிகள் ஒரே தாளின் மேல் குவிந்தன. பென்சில் அழுந்திய பள்ளம் இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமை அதிகாரி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அழிச்சீங்க? புதுசா ஏதாவது தகவல் வந்துதா?"

"இல்ல."

"அப்புறம்?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்னதான் சொல்வான்! கருவிக் கோளாறு, வேலைப் பளு, உடம்புக்கு முடியவில்லை, எத்தனையோ கௌரவமான காரணங்கள் இருந்தன. அவர் உள்ளதைச் சொன்னார்.

"ஒரு குல்லா மேடம்."

"குல்லாவா?"

"காகிதக் குல்லா. பத்து தடவ பனி வராம போச்சுன்னா போட்டுக்கணும். ஒன்பது ஆயிருந்துது."

தட்டச்சுக்காரர் தயங்கி, தலையைத் தூக்கி, "மேடம், குல்லான்னே அடிக்கட்டுமா, இல்ல வேற ஏதாவது மரியாதையா போடட்டுமா?" என்றார்.

"என்ன இருந்துதோ அதையே அடிங்க" என்றார் தலைவி.

வானிலைக்காரர் மச்சினன் பக்கம் பார்த்தார். அவன் இவரைப் பார்க்கவில்லை. குனிந்து, கட்டை விரலால் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. மச்சினனுக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு, அதோடு வேலையும் திரும்பக் கிடைத்தது. வானிலைக்காரர் ஆறு மாதம் முன்னறிவிப்பு எழுதக் கூடாது. வெளி முற்றத்தில் வேலிக்குள் நிற்கும் கருவிகளை மணிக்கொரு தரம் போய்ப் படித்துக் குறிக்கலாம். பலகையை எடுத்துவிட உத்தரவு. உத்தரவு போவதற்கு முன்பே மச்சினன் அதைத் துடைத்து, குல்லாவையும் கிழித்துவிட்டான் என்று மனைவி வந்து சொன்னாள். ஆனாலும் இந்த வீட்டுக்கு அவன் வரவில்லை. அவள் வாய்க்கும் பத்து நாள் பூட்டு. பதினோராம் நாள், "எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? அந்தக் குல்லாவ நான் வாங்கிப் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்திருப்பேனே" என்று அழுதாள்.

கட்டடத்துக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. இதெல்லாம் தானாகத் தெரிகிற சமாச்சாரம். கீழ்வீட்டு அம்மா வாளியோடு ஒதுங்கி வழிவிட்டார். போர்வை நனைப்பதைப் பற்றி அவரிடம் கேட்பதை நிறுத்தினார். வானிலைக்காரர் எப்போதோ விரும்பிய அந்த நிம்மதி கிடைத்துவிட்டது. படியிறங்கும்போதெல்லாம் அது முள்ளாய்க் குத்தியது.

ஆறு மாதம் முடிந்து, நாற்காலிக்குத் திரும்பிய இரண்டாம் நாள். மறுபடியும் ஒரு ஈரமான, காற்றில்லாத சாயங்காலம். பென்சிலால் எழுதினார்: 'அதிகாலை மூடுபனி. வாய்ப்பு பத்துக்கு மூன்று.' ரப்பர் மேஜையில்தான் கிடந்தது. அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு அடித்து அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி.

"டவர்." ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். மாமா இல்லை, சிரிப்பும் இல்லை. "மூடுபனி, பத்துக்கு மூணு. சரிதானே?"

"சரிதான்."

"வர்ற ஃப்ளைட்டுங்களுக்குச் சொல்லிடறேன்." வைத்துவிட்டான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அவர் பால்கனியில் நின்றார். தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை தெரிந்தது. காக்கை அலகில் என்னவோ வைத்திருந்தது, அதுகூடத் தெரிந்தது. வானம் சுத்தம். ஒரு கணம் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. பனி வந்திருக்கக்கூடாதா என்று மனம் ஆசைப்பட்டதைத் தானே பிடித்துக்கொண்டார். நூற்று அறுபத்திரண்டு என்ற எண் நினைவுக்கு வந்தது. கம்பியை விட்டுவிட்டு உள்ளே போய் முகம் கழுவினார்.

எட்டு மணிக்கு லிஃப்ட் மேலிருந்து வந்து நின்றது. உள்ளே மச்சினன், மதியப் பணிக்கு முன்பே எங்கோ புறப்பட்ட கோலத்தில். இவர் பின்வாங்கப் பார்த்தார். மூடப்போன கதவை அவன் காலால் தடுத்து நிறுத்தினான். ஏறினார். இரண்டு பேரும் எண்கள் மாறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரலை" என்றான் மச்சினன்.

"வரலை."

"கம்பெனிக்காரன் ஒருத்தன் காலைலயே ஃபோன் பண்ணிக் கத்தினான். வீணா கனத்தைத் தூக்கிட்டு வந்தோமேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"பத்துக்கு மூணுன்னா ஏழு தடவ வராதுன்னு சொன்னேன்."

கதவு திறந்தது. வெளியே கீழ்வீட்டு அம்மா வாளியோடு நின்றார். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததில் அவருக்கு ஒதுங்கி வழிவிடக்கூட மறந்துவிட்டது. மச்சினன் முன்னால் நடந்தான். வாசற்படியில் ஒரு நொடி நின்று, திரும்பாமலே சொன்னான்.

"அந்தப் பலகைல வந்த நாளையும் குறிச்சிருக்கணும் மாமா. எனக்குத் தோணவே இல்ல."

வானிலைக்காரர் அவன் தெருமுனை திரும்பும் வரை அங்கேயே நின்றார்.

"சார்" என்றார் கீழ்வீட்டு அம்மா மெதுவாக. "இன்னிக்கு நனைக்கலாமா?"

அவர் வானத்தைப் பார்த்தார். மோவாயைத் தடவினார்.

"மழைக்கு வாய்ப்பு பத்துக்கு ரெண்டும்மா" என்றார்.